போத்தலுக்குள் இருந்தது சேலைன்

மார்பகக் கட்டியொன்றில் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும்போது, ஒரே கண்ணாடி ஸ்லைட்டில் இரண்டு விஷயங்களை வைத்துச் சாயமிடுவோம். ஒரு பக்கம் நோயாளியின் இழையத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய துண்டு. மறுபக்கம் ஆய்வுகூடத்தில் வளர்த்த புற்றுநோய்க் கலங்கள். எஸ்கே-பிஆர்-3 என்ற கலங்களில் நன்றாகச் சாயம் ஏற வேண்டும். ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் கபில நிறத்தில் தடித்த கோடு விழுந்து, கோழிக்கூட்டுக் கம்பிவலை போலத் தெரியும். எம்சிஎஃப்-7 கலங்களில் அந்தக் கோடு தெரியவே கூடாது, தெரிந்தாலும் மிக மங்கலாகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக வந்த பிறகுதான் நோயாளியின் துண்டுக்குப் போவேன்.

எஸ்கே-பிஆர்-3 கலங்கள் 1970இல் நியூயோர்க்கில் 43 வயதுப் பெண் ஒருவரின் நெஞ்சறை நீரிலிருந்து எடுக்கப்பட்டவை. எம்சிஎஃப்-7, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரியுடையவை. அவர்களின் கலங்கள் இன்றும் உலகம் முழுக்க 37 பாகை வெப்பத்தில், கன்றுக்குட்டிச் சீரம் கலந்த ஊடகத்தில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. கொழும்பில் மேசையில் குனிந்திருக்கும் எனக்கு எது ஆம், எது இல்லை என்று காட்டித்தருவது அந்த இரண்டு பெண்கள்தான். அதை நான் மறப்பதில்லை.

சரி, சாயம் ஏறும் அந்தப் பொருள் என்ன? கலத்தின் மென்சவ்வில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கும் ஒரு புரதம். வாங்கி என்போம். வெளியே வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் வாங்கிகள் இரண்டிரண்டாகச் சோடி சேரும். சேர்ந்ததும் உள்ளே இருக்கும் பகுதி விழித்துக்கொண்டு, 'பிரி, பெருகு' என்ற செய்தியைக் கருவுக்கு அனுப்பும். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்த ஒரு பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, அவை வழமைக்கு முன்னரே கண் திறந்தன, பல்லும் முளைத்தன. 1962இல் அவர் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்புத்தான் மேற்றோல் வளர்ச்சிக் காரணி. 1986இல் அவருக்கும் ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெர்2 அந்தக் காரணியின் வாங்கிக்கு உடன்பிறப்பு. ஆனால் ஹெர்2வில் நேரடியாக வந்து ஒட்டும் காரணி எதுவும் கண்டறியப்படவில்லை. மற்ற வாங்கிகளோடு சோடி சேர்ந்துதான் அது வேலை செய்கிறது. சாதாரணக் கலத்தில் சில பத்தாயிரம் இருந்தால் பிரச்சினை இல்லை. 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அதன் பரம்பரையலகு பல பிரதிகளாகிவிட்டால் அந்த எண்ணிக்கை பத்து இலட்சத்தையும் தாண்டும். அவ்வளவு நெரிசலில் யாரும் கூப்பிடாமலே அவை சோடி சேர்ந்துவிடும், செய்தி ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். ஹெர்2 பரம்பரையலகு பல பிரதிகளான கட்டிகள் சிகிச்சைக்குப் பின் விரைவில் திரும்பி வருகின்றன என்பதை அமெரிக்க வைத்தியர் டெனிஸ் ஸ்லேமனின் குழு 1987இல் காட்டியது. மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு 15 முதல் 20 வரை இந்த வகையைச் சேர்ந்தவை. இதை அடக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாங்கி இல்லாத கட்டியில் இந்த மருந்து பிடித்துக்கொள்ள இடமில்லை. அதனால்தான் எங்கள் ரிப்போர்ட்டுக்காக வைத்தியர் காத்திருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஐயா முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். கையில் சொப்பிங் பை, அதற்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவில் சிறிய போத்தல். முதல் நாள் பின்னேரம் அவருடைய மனைவிக்கு ஓரிடத்தில் சத்திரசிகிச்சை செய்து, கட்டியை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"பிள்ளை, இரவு ஃபிரிட்ஜுக்குள்ளதான் வைச்சனாங்கள். பழுதாகாதுதானே?"

மூடியைத் திறந்தேன். இழையத்தைப் பதப்படுத்தும் ஃபோர்மலின் திரவத்துக்குரிய அந்தக் காரமான நெடி வரவில்லை. உள்ளே இருந்தது வெறும் சேலைன், உப்புநீர்.

அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. கறியும் மீனும் கெடாமல் வைக்க நாம் செய்வதை அவர் அக்கறையோடு செய்திருக்கிறார். ஆனால் உடலிலிருந்து வெளியே வந்த நிமிடமே இழையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும். வாங்கிகளும் சிதையத் தொடங்கும். குளிர் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நிறுத்துவது ஃபோர்மலின்தான். கட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் 10 சதவீத நடுநிலை ஃபோர்மலினுக்குள் போக வேண்டும், அதில் 6 முதல் 72 மணித்தியாலம் வரை இருக்க வேண்டும். ஃபோர்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். பெரிய கட்டியைக் கீறிவிடாமல் முழுதாகப் போட்டால், வெளியே பதமாகி நடுவில் அழுகும்.

அந்த அம்மாவின் ஸ்லைட்டில் ஓரத்தில் மட்டும் மங்கலாகச் சாயம் தெரிந்தது. நடுவில் கலங்களின் எல்லையே கலைந்து கிடந்தது. பக்கத்திலேயே எஸ்கே-பிஆர்-3 கம்பிவலை போலப் பளிச்சென்று நின்றது. அதனால் சாயத்தில் குறையில்லை, இழையத்தில்தான் குறை என்று விளங்கியது. சாயம் எவ்வளவு ஏறியது என்பதை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவோம். அந்தக் கலங்கள் அங்கே இல்லாதிருந்தால் 1+ என்று எழுதியிருப்போமோ என்ற எண்ணம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. 1+ என்றால் டிராஸ்டுசுமாப் பலன் தராது என்று பொருள்.

அந்த அம்மாவுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் வேறோர் ஆய்வுகூடத்தில் ஊசி பயொப்சி செய்திருந்தார்கள். அந்தத் துண்டை மெழுகில் பதித்து வைத்த பிளொக் பத்திரமாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிச் சாயமிட்டோம். 3+ வந்தது, ஹெர்2 நிறைய இருக்கிறது என்று பொருள்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்: "கட்டியை எதில் போடுவீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று போத்தலில் எழுதுவீர்களா?" கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. போத்தலை உங்கள் கையில் தந்தால் அது ஃபோர்மலினா என்று கேட்டு, கட்டியைப் போல 10 மடங்கு திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருபவர்கள் ரிப்போர்ட்டோடு பிளொக் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். 2+ என்றிருந்தால் அது பாதி விடைதான், ஃபிஷ் என்ற பரம்பரையலகுச் சோதனை செய்த பிறகே முடிவு தெரியும். நோய் திரும்பி வந்தால் வாங்கிகளும் மாறியிருக்கலாம், புதிய இடத்திலிருந்து திரும்பவும் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சளும் கறுவாவும் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றன என்று வட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வளர்ப்புக் குடுவையில் கலங்கள் எதற்கும் சாகும், உப்பு கூடினாலே சாகும். ஏ431 என்ற கலங்களில் மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கிகள் ஏராளம். அந்தக் காரணியையே கூடுதலாக விட்டால் அவை வளராமல் நின்றுவிடும்! குடுவை அப்படியான இடம். டிராஸ்டுசுமாப்புக்கு மூலமான, எலியிலிருந்து பெற்ற எதிர்பொருளும் (ஹெர்2வில் போய் ஒட்டும் புரதம்) எஸ்கே-பிஆர்-3 கலங்களின் வளர்ச்சியைத்தான் முதலில் அடக்கியது. அங்கிருந்து ஒரு பெண்ணின் கைநரம்புக்கு வந்துசேர ஏறத்தாழ பத்து வருடப் பரிசோதனை தேவைப்பட்டது. அந்தப் பத்து வருடம் இல்லாத எதற்காகவும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

மருந்து தொடங்குமுன்னும் இடையிலும் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு இந்த மருந்து இதயத்தின் பம்பும் வலுவைக் குறைக்கும் என்பதுதான் காரணம். அதையும் அந்த ஐயாவிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். மனைவியின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் இரண்டு பிளொக் இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"இனி ஆர் கேட்டாலும் சொல்லுவன், பிள்ளை."

அதற்குக் கீழே அடுத்த எக்கோவுக்கான திகதியும் இருந்தது.