நகராத விளக்கு

நள்ளிரவு. சின்னப் பாய்மரப் படகு. நண்பர்களில் மூன்று பேர் கீழே தூங்குகிறார்கள், சுக்கானைப் பிடித்தபடி ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கப்பலாக இருக்கலாம், கடலை ஒட்டி உதிக்கும் நட்சத்திரமாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டும் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது, கப்பல்தான்.

கப்பல் விளக்குகளுக்கான சர்வதேச விதிகள் 1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்தன. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 டிகிரி வரைதான் தெரியும். மிச்சம் 135 டிகிரிக்குப் பின்புறத்தில் ஒரு வெள்ளை விளக்கு. கூட்டினால் 360. ஆக, சிவப்பு மட்டும் தெரிந்தால் கப்பலின் முகம் உங்கள் இடக்கைப் பக்கம் திரும்பியிருக்கிறது. பச்சை என்றால் வலக்கைப் பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக உங்களை நோக்கித்தான் வருகிறது. 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலில் உயரத்தில் இரண்டு வெள்ளை விளக்குகள் இருக்கும், பின்னால் இருப்பது முன்னதைவிட உயரமாக. அவை ஒன்றன்மேல் ஒன்றாக நின்றாலும் இதே அர்த்தம்தான்.

சரி, முகம் எங்கே என்று தெரிந்துவிட்டது. மோதுமா? இதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டாம். திறந்த மைதானத்தில் இரண்டு பேர் வெவ்வேறு மூலையிலிருந்து ஒரே இடத்தை நோக்கி நடக்கிறார்கள் என்று வையுங்கள். வேகம் மாறாமல் இருவரும் ஒரே நொடியில் அங்கே சேர்வதாக இருந்தால், வழி முழுக்க மற்றவர் ஒரே திசையில்தான் தெரிவார். தூரம் மட்டும் குறையும். முந்திப் போகிறவராக இருந்தால் மெல்ல முன்பக்கமாக விலகுவார்; பிந்துகிறவர் பின்பக்கமாக. கடலிலும் அதேதான். காம்பஸில் அந்த விளக்கின் திசையைக் குறித்துக்கொண்டு சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எண் மாறவில்லை, கப்பலும் நெருங்குகிறது என்றால் மோதல் பாதை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக்கு நேராக வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் படகின் முகம் ஆடினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். இதில் ஒரு குரூரமும் உண்டு: நம் கண் அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். ஆபத்தான விளக்கோ அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அவகாசமும் ரொம்ப இல்லை. பெரிய கப்பலின் உச்சி விளக்கு குறைந்தது 6 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்கு, தெரிய வேண்டும் என்பது விதி. கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்), படகு 5 நாட், இரண்டும் எதிரெதிரே என்றால் அந்தத் தூரம் 14 நிமிடத்தில் கரைந்துவிடும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்குக்கு 1 கடல் மைல் போதும் என்கிறது அதே விதி. அப்படியானால் கப்பல்காரருக்கு நம்மைக் கவனிக்கக் கிடைப்பது இரண்டரை நிமிடம்கூட இல்லை. இயந்திரக் கப்பல் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது பொதுவான விதிதான். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க நான் தயாரில்லை.

இத்தனையும் கண்ணை நம்பி. மங்கிய ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் முழுதாகத் தயாராக 20, 30 நிமிடம் ஆகும். அவற்றிலுள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருட்டில்தான் மெதுவாகத் திரும்ப உருவாகிறது. கீழே தூங்கி எழுந்த நண்பர் செல்போனை இயக்கி நேரம் பார்த்தால் போச்சு, அரை மணி நேர முதலீடு ஒரு நொடியில் காலி. படகுக்குள் சிவப்பு விளக்கு வைப்பது இதனால்தான்: ஆழ்ந்த சிவப்பு, குச்சி செல்களை அவ்வளவாகத் தொடாது. அப்புறம், விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே கிடையாது. அதனால் மங்கலான விளக்கை நேராக முறைத்தால் மறையும், கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் தெரியும்.

இந்த முறை காம்பஸ் எண் மெல்ல மாறுகிறது. கப்பல் முன்னால் கடந்துபோகிறது. சிவப்பு அணைந்து பின்புற வெள்ளை தெரிகிறது. சில நிமிடம் கழித்து அது கிளப்பிவிட்ட அலைகள் வந்து படகை ஆட்ட, கீழே யாரோ புரண்டு படுக்கிறார்கள்.