சளியில் டிபி இல்லை என்றால் போதுமா?

டர்பனில் வாரக்கணக்கில் இருமிக்கொண்டு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது சளி மாதிரி. தென்னாப்பிரிக்காவில் காசநோய் அவ்வளவு அதிகம், அதைத் தேடித்தான் ஆக வேண்டும். 2011இல் ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் சளிப் பரிசோதனைக் கருவி வந்த பிறகு, மாதிரியை அதில் வைத்த இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடுகிறது.

அந்த முடிவு 'நெகட்டிவ்' என்று வந்த பிறகுதான் என் கவலை தொடங்குகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து அப்பாவை அழைத்து வந்த ஒரு பெண், "சளியில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே டாக்டர்" என்றார். அவருடைய அப்பா அறுபதைத் தாண்டியவர், இளவயதிலிருந்து சிகரெட் பிடிப்பவர். எடை குறைந்துகொண்டே வந்தது. ஜீன்எக்ஸ்பர்ட் தேடுவது காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும்தான். நுரையீரல் புற்றுநோய் இருந்தாலும் அதற்குத் தெரியாது. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்த பிறகே கட்டி தெரிந்தது.

சரி, அதே சளியில் புற்றுநோயைத் தேட முடியாதா? முடியும், ஆனால் அது வேறு பரிசோதனை, மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் செல்களைப் பார்ப்பார்கள். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையான செதிள் செல் புற்றுநோயாக இருந்தால் சில செல்கள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் தெரியும். பெரிய மூச்சுக்குழாய்க்குள் வளரும் கட்டிதான் இப்படிச் செல்களை உதிர்க்கும். நுரையீரலின் ஓரத்தில் வளரும் கட்டி பல நேரம் சளியில் எதையும் விடுவதில்லை. அதனால் இதிலும் 'நெகட்டிவ்' வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். மாதிரி சரியாக இருப்பதும் முக்கியம்: காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஆய்வகம் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமான ட்யூமர் மார்க்கர் பற்றி இப்போது பலர் கேட்கிறார்கள். செல்லின் உருவம் மாறுவதற்கு முன்பே மரபணுவில் மாற்றம் தொடங்கிவிடும். கட்டி வளராமல் தடுக்கும் p16 போன்ற மரபணுக்கள் மெத்திலேஷன் என்னும் வேதி மாற்றத்தால் அணைந்துபோவதைச் சளியிலேயே பார்க்கலாம். நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு எடுத்த சளியிலும் இந்த அடையாளம் இருந்ததை 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் புற்றுநோயே இல்லாத புகைப்பவர்களின் சளியிலும் அதே மாற்றம் தென்படுகிறது. எனவே ஒரு மார்க்கரை வைத்து நோய் உண்டு, இல்லை என்று இன்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புற்றுநோயை உறுதி செய்வது, கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான்.

அதிகம் புகைத்தவர்களுக்கு முன்கூட்டியே கண்டுபிடிக்க, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனுக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. 53,000 பேருக்கு மேல் பங்கேற்ற, 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய டிபி விட்ட தழும்பும் ஸ்கேனில் கட்டி போலத் தெரியும், தழும்புக்குள் கட்டி மறைந்தும் இருக்கும். அதனால் பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாதீர்கள், வரும்போது கொண்டுவாருங்கள்.

செய்த வேலையையும் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இந்த நாட்டில் 2008இல் தடைசெய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் அந்தத் தூசியைச் சுவாசித்தவருக்கு ஆபத்து இன்னும் இருக்கிறது. சிகரெட்டும் சேர்ந்தால் பல மடங்கு. டிபி மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை என்றால் "வேறு ஏதாவது இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.