ஆட்டோகிராஃப் கார்டுக்கு யார் சாட்சி?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்டு, பாக்கெட்டில் போட்டு விற்கும் சேகரிப்புக் கார்டுகள் உண்டு. வீரர் கையெழுத்திட்ட அப்படிப்பட்ட கார்டு ஒன்றை வாங்கப் போகிறீர்கள். அதற்கு, கையெழுத்து அசல்தானா என்று சோதிக்கும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்களின் சான்று வேண்டுமா? யார் கண்முன் அந்தக் கையெழுத்து விழுந்தது என்பதைப் பொறுத்தது.

பாக்கெட்டுக்குள்ளேயே கையெழுத்தோடு வந்த கார்டுக்குப் பெரும்பாலும் வேண்டாம். 1990-இல் கார்டு தயாரிக்கும் அப்பர் டெக் நிறுவனம், பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளை பேஸ்பால் கார்டு பாக்கெட்டுகளில் கலந்து விட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. இப்படிப்பட்ட கார்டுகளில் பொதுவாகப் பின்பக்கத்திலேயே உத்தரவாத வாசகம் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். அதே கார்டின் சாதாரணப் பதிப்பில் யாரோ கிறுக்கி விற்பதும் உண்டு.

சிக்கலெல்லாம் சாதாரண கார்டில் பின்னாளில் வாங்கிய கையெழுத்தில்தான். சோதிப்பவர்கள் எழுத்தின் வடிவத்துக்கு இணையாக அதன் வேகத்தையும் கவனிப்பார்கள். போட்டுப் போட்டுப் பழகிய கை, கார்டைத் தொடும் முன்பே ஓடத் தொடங்கிவிடும். அதனால் கோட்டின் முனைகள் மெலிந்திருக்கும். பார்த்து வரைபவரோ பேனாவை வைத்து, யோசித்து, நகர்த்துவார். உருப்பெருக்கியின்கீழ் அது அப்படியே தெரியும்: தொடக்கத்தில் மை தேங்கிய புள்ளி, வளைவுகளில் நடுக்கம், பாதியில் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டவைத்த இடம். ஒருவரின் கையெழுத்தைப் பேனாவால் போட்டுத் தரும் ஆட்டோபென் இயந்திரம் வேறு வகையில் மாட்டிக்கொள்ளும். அது போட்ட இரண்டு கையெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். மனிதக் கை அப்படிப் போடாது.

அப்புறம் காலக்கணக்கு. பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் இறந்தது 1948-இல். ஷார்ப்பி மார்க்கர் வந்ததோ 1964-இல். மார்க்கரில் ரூத் கையெழுத்து என்றால் மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை. பழைய கார்டு என்று சொல்லப்படுவது புற ஊதா விளக்கில் பளீரென நீலமாக ஒளிர்ந்தால், அதன் காகிதத்தில் பிற்காலத்து வெண்மையூட்டி இருக்கிறது, மறுபதிப்பாக இருக்கலாம். கார்டின் மடிப்புக்குள் மை கசிந்திருந்தால் மடிப்பு முதலில் விழுந்தது, கையெழுத்து பிறகு.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது தேர்ந்த கண்ணின் கருத்துதான். நேரில் நின்று பார்த்த சாட்சிக்கு அது ஈடாகாது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2001-இல் தொடங்கிய திட்டத்தில் கையெழுத்திடும்போதே ஒருவர் உடனிருந்து, எண்ணிட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கரை ஒட்டுகிறார். வெறும் சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை போலிக் கையெழுத்து வியாபாரத்தைப் பற்றி எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணை காட்டியது. சிக்கிய போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது!

உங்கள் கண்ணெதிரே வாங்கிய கையெழுத்தை விற்கும் எண்ணமில்லையா? சரி, சான்று வேண்டாம். விற்பதென்றால் வேண்டும், வாங்குபவர் அங்கே இல்லையே. கார்டின் விலையைவிடச் சோதனைக் கட்டணம் கூடுதலாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சான்றுள்ள கார்டை வாங்கும்போது அதன் எண்ணை நிறுவனத்தின் பதிவில் தேடுங்கள். அங்கே படமும் இருந்தால், கையெழுத்தைக் கோடு கோடாக ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.