கட்டிக்குள் ஒளிரும் பச்சை: துகளா, சாயமா?

"நானோ மருந்து புற்றுநோய்க் கட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று செய்தி வரும். கூடவே பச்சையாக ஒளிரும் ஒரு படம். திசு நுண்ணோக்கியே பிழைப்பாகிப் போன எனக்கு உடனே சந்தேகம் வரும்: அந்தப் பச்சை மருந்தைச் சுமக்கும் நானோ துகளா, அதில் ஒட்டிய சாயமா?

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. மருந்துத் துகள்களோ பெரும்பாலும் 100 நானோமீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அதனால்தான் துகளோடு ஒளிர்சாயத்தை ஒட்டி அனுப்புகிறோம். ரத்தத்தில் அந்தச் சாயம் கழன்றுகொண்டால், அது தனியாகப் போய் உட்கார்ந்த இடத்தை மருந்து போன இடம் என்று நம்பிவிடுவோம். போதாக்குறைக்கு, வயதான செல்களில் சேரும் லிப்போஃபஸ்கின் நிறமி எந்தச் சாயமும் இல்லாமலே ஒளிரும். கெடாமல் இருக்க ஃபார்மலினில் ஊறவைத்த திசுவும் அப்படியே. மருந்தே கொடுக்காத விலங்கின் அதே உறுப்பை, அதே கேமரா அமைப்பில் எடுத்த படம் பக்கத்தில் இல்லையென்றால் நான் அந்தப் பச்சையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரும்பு ஆக்சைடு துகளுக்கு, இரும்பை நீலமாகக் காட்டும் பிரஷ்யன் ப்ளூ சோதனை போடுவோம். துகள்களை விழுங்கிவைக்கும் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் நீலநீலமாகத் தெரியும், பார்க்க அழகுதான். ஆனால் உடம்பு தானே சேர்த்துவைத்த ஹீமோசிடெரின் என்ற இரும்பு நிறமியும் அதே நீலம். கொழுப்பாலான துகளான லைப்போசோமில் சிக்கல் தலைகீழ். வெட்டுவதற்காகப் பாரஃபின் மெழுகில் பதிக்கும் முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்கும்போது கொழுப்பு கரைந்துவிடும். ஸ்லைடு வெறுமையாக இருப்பதால் உறுப்பும் வெறுமை என்று எழுதிவிடக் கூடாது. திசுவை உறையவைத்து வெட்டியிருக்க வேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளையே பார்க்கலாம். தங்கம் கரும்புள்ளியாக நிற்கும். செல்லின் உறுப்புகள் எடுப்பாகத் தெரிய நாம் போடும் ஈயச் சாயம் திட்டுத் திட்டாகப் படிந்தாலும் கரும்புள்ளிதான்! அந்தப் புள்ளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் தங்கத்தின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும். அதிலும், நாம் பார்க்கும் வெட்டு சுமார் 70 நானோமீட்டர் தடிமன்தான். எவ்வளவு சேர்ந்தது என்பதை அதை வைத்துச் சொல்ல வழியில்லை. உலோகத் துகள் என்றால், திசுவைக் கரைத்துத் தனிமத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிதான் சொல்லும்.

2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கொடுத்த அளவில் கட்டிக்குள் சேர்வது இடைநிலையாக (நடு மதிப்பாக) 0.7 சதவீதம் என்றது. கட்டியின் படத்தை மட்டும் காட்டுபவர்களிடம் கல்லீரல், மண்ணீரல் படங்களையும் கேளுங்கள். மீதியில் பெரும்பங்கு பொதுவாக அங்கேதான் கிடக்கும்.