காக்கர் ஸ்பேனியல் வளர்க்கிறீர்களா? காதைப் பாருங்கள்

"டாக்டர், ரெண்டு நாளா தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான்" என்றுதான் பெரும்பாலும் அழைத்து வருகிறார்கள். காது மடலைப் புரட்டினால் பழுப்பு நிற அழுக்கு, நாற்றம், தொட்டாலே வலி. அது இரண்டு நாளில் வந்த வினை இல்லை. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

நாயின் காதுக்குழாய் நேராக இல்லாமல், கீழே இறங்கி உள்பக்கம் வளைந்து போகும். காக்கருக்கு அதன்மேல் கனமான மடல், உள்ளே அடர்ந்த முடி, மெழுகு சுரப்பிகளும் அதிகம். காற்றுப் புகாத அந்த ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் செழிக்கின்றன. பலமுறை சீழ் வைத்த காதில் குழாய் தடித்து, எலும்புபோல இறுகிவிடும். அப்புறம் மருந்து உள்ளே போகவே வழியிருக்காது. குழாயை முழுதாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சைதான் மிச்சம். அந்த நிலைக்கு வரும் நாய்களைப் பார்க்கவே மனசு கேட்காது.

குளிப்பாட்டியதும் காதைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். மடலின் உள்புற முடியைக் குட்டையாக வெட்டி வையுங்கள். சுத்தம் செய்ய மருத்துவர் தரும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, கண்ணுக்குத் தெரியும் இடம் வரை துடைத்தால் போதும். பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளேதான் தள்ளும். எண்ணெய் விடவே கூடாது. போன தடவை மிஞ்சிய சொட்டு மருந்தையும் ஊற்றாதீர்கள்: செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடும். சரியாகிச் சரியாகித் திரும்ப வந்தால் அடியில் ஒவ்வாமை இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கடிக்கிறான் என்ற புகார். காக்கர் வேலைக்கென்று உருவான நாய். இங்கிலாந்து, வேல்ஸ் புதர்க்காடுகளில் பதுங்கியிருக்கும் வுட்காக் பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்புவதும், சுட்டு விழுந்ததைக் குதறாமல் கவ்விக் கொண்டுவருவதும் அதன் தொழில். ஒரு காலத்தில் ஒரே ஈற்றுக் குட்டிகளில் சிறியதைக் காக்கர், பெரியதை ஸ்பிரிங்கர் என்று பிரித்தார்கள். 1890களில்தான் நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் காக்கரைத் தனி இனமாக ஏற்றது. அமெரிக்காவில் வளர்ந்த கிளை சிறுத்து, முடி அடர்ந்து இன்று வேறு இனமாகவே இருக்கிறது.

பொருளைக் கவ்விக்கொள்வது இதன் இயல்பு. செருப்பைக் கவ்வியதற்காக அடித்துப் பிடுங்கினால் அடுத்த முறை உறுமும், அதற்கடுத்து கடிக்கும். தின்பண்டம் ஒன்றை நீட்டுங்கள், தானாக விடும். அதட்டலில் சுருங்கிப்போகிற மென்மையான நாய் இது. காலையும் மாலையும் மோந்து மோந்து நடக்க விடுங்கள், பந்தை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். நாள் முழுக்க பால்கனியில் கட்டிப்போட்டால் குரைக்காமல் என்ன செய்யும்? சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். வலிதான் பல சமயம் காரணம்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், இங்கிலீஷ் காக்கருக்குப் பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு, இளவயதிலேயே சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய் இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமாவது அந்தக் குறை மரபணு அறவே இல்லையென்றால் குட்டிக்கு அந்த நோய் வராது. அறிக்கையைக் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் குட்டி எடுக்காதீர்கள்.