சூப்பர்லாட்டிஸ் என்றால் மீயணிக்கோவை

'சூப்பர்' என்று காதில் விழுந்தாலே நமக்கு 'பிரமாதம்' என்றுதான் தோன்றும். சூப்பர்லாட்டிஸில் அந்தப் பாராட்டு எதுவும் இல்லை. லத்தீனில் சூப்பர் என்றால் 'மேல்', அவ்வளவுதான். லாட்டிஸ் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல்; மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த தட்டியைக் குறித்தது. படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்பதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த அணு ஒழுங்கின் மேல் இன்னொரு ஒழுங்கை ஏற்றினால் சூப்பர்லாட்டிஸ். தங்கம்-செம்புக் கலவையில் இது தானாகவே அமைவது 1920களில் எக்ஸ்-கதிர் ஆய்வில் தெரிந்தது. குறைக்கடத்திகளில் நாமே அடுக்கி உருவாக்கலாம் என்று 1970இல் முன்மொழிந்தவர்கள் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் லியோ எசாகியும் ராஃபேல் சூவும். கேலியம் ஆர்சனைடு ஓர் அடுக்கு, அலுமினியம் ஆர்சனைடு ஓர் அடுக்கு, மறுபடி கேலியம் ஆர்சனைடு. இரண்டின் படிகத்திலும் திரும்பத் திரும்ப வரும் அணு அலகின் நீளம் ஏறக்குறைய 0.565, 0.566 நானோமீட்டர் என்பதால் ஒன்றின்மேல் ஒன்று இழுபறியில்லாமல் உட்காரும். அவர்கள் மனத்தில் இருந்தது எலக்ட்ரான். வெப்பம் பற்றிய கேள்வி அப்புறம்தான் வந்தது.

குறைக்கடத்தியில் வெப்பத்தைச் சுமப்பது பெரும்பாலும் அணுக்களின் அதிர்வு. அதைத் துகளாக எண்ணும்போது ஃபோனான் என்கிறோம். ஒரு பொருள் முடிந்து மற்றது தொடங்கும் எல்லையில் ஃபோனான் சிதறும். சிலிக்கானின் வெப்பக் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் மீட்டர்-கெல்வினுக்கு 150 வாட் அளவு, ஜெர்மானியத்துக்கு 60. இரண்டையும் சில நானோமீட்டர் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கினால், அடுக்குகளுக்குக் குறுக்கே அது ஒற்றை இலக்கத்துக்கே இறங்கிவிடும்.

இங்கே முக்கியமான அளவு ஒரு ஜோடி அடுக்கின் தடிமன், அதாவது பீரியட். 200 நானோமீட்டர் படலத்தில் பீரியட் 20 என்றால் 10 ஜோடி, சுமார் 20 எல்லைகள். பீரியட் 4 என்றால் 50 ஜோடி, சுமார் 100 எல்லைகள். சரி, இடைவெளியைக் குறைக்கக் குறைக்க வெப்பம் அடங்கிக்கொண்டே போக வேண்டுமே? போகாது. சில நானோமீட்டருக்குக் கீழே கடத்துதிறன் திரும்பவும் ஏறத் தொடங்கும். ஃபோனான் அடிப்படையில் அலையல்லவா? அதன் அலைநீளத்தை நெருங்கும் அளவுக்கு அடுக்குகள் மெலிந்தால் எல்லைகள் தனித்தனித் தடையாக நிற்பதில்லை. அடுக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே புதுப் படிகமாகிவிடும். கடத்துதிறன் இறங்கி மறுபடி ஏறும் இந்தத் தாழ்வுப் புள்ளியை இயற்பியலாளர்கள் சிம்கினும் மஹானும் 2000இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2014இல் ஆக்சைடு அடுக்குகளில் அது தெளிவாக அளக்கப்பட்டது. எல்லைகளில் அணுக்கள் கலந்து கிடந்தால் தாழ்வு தென்படாமலே போகலாம்.

வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு இந்தத் தாழ்வு வரம். அடுக்கு லேசர் செய்பவர்களுக்குத் தலைவலி. அவர்களுக்குச் சூடு வெளியேறியாக வேண்டும்.

இனி தமிழ். 'மேல்' என்ற பொருளில் 'மீ' நம்மிடம் பழையது. மீக்கடத்தி, மீயொலி எல்லாம் அதில் பிறந்தவைதான். லாட்டிஸுக்கு அணிக்கோவை இருக்கிறது. சேர்த்தால் மீயணிக்கோவை, பொருளும் பிசகவில்லை. இலங்கைப் பாடநூல்களின் 'சாலகம்' பலகணியைக் குறிக்கும் சொல். மரச்சட்டத் தட்டிக்கு அதுதான் இன்னும் நெருக்கம். மீச்சாலகம் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

பீரியட்டுக்கு வழக்கமான 'காலமுறை' இங்கே உதவாது, ஏனென்றால் அளப்பது காலத்தையல்ல, நீளத்தை. 'மீள்நீளம்' எனலாம். ஃபோனானை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். 1930களில் சோவியத் இயற்பியலாளர் யாக்கவ் ஃபிரெங்கெல் கிரேக்க 'ஃபோனே'யிலிருந்து, அதாவது ஒலியிலிருந்து, வைத்த பெயர் அது. 'ஒலியன்' அழகாகப் பொருந்தும்தான். ஆனால் மொழியியலார் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'எல்லையில் ஒலியன்கள் சிதறின' என்று எழுதினால் யாரோ வாய் குழறிப் பேசியதாகத்தான் அவர்கள் நினைப்பார்கள்.