அலுமினியப் படகில் தூண்டில் தாங்கி: துளையிடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தம்பி தன் 14 அடி அலுமினியப் படகை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். தூண்டில் தடியைச் செருகி நிறுத்திவைக்கும் தாங்கிகள் இரண்டைக் கனடாவிலிருந்து வந்த மாமா கொடுத்திருந்தார். அவற்றை, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, தானே விளிம்பில் பூட்டியிருந்தார். அவற்றில் ஒன்றைக் காணவில்லை. சீலா மீன் இழுத்த இழுவையில் அது ஆணிகளோடு பிடுங்குப்பட்டுத் தடியையும் கொண்டு கடலுக்குள் போய்விட்டது. அதை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தவர் படகு சாய்ந்து விழாமல் தப்பியது தற்செயல். உயிர்காப்பு அங்கி அன்று அவர் உடலில் இருக்கவில்லை.

எஞ்சியிருந்த தாங்கியை நான் கையால் பிடித்து ஆட்டியபோது அது பல் ஆடுவதுபோல் ஆடியது. திருகாணி ஒன்றைச் சாவி போடாமல் இரண்டு விரல்களால் இழுத்தேன், வந்துவிட்டது. ஆணியின் புரிகளுக்கிடையில் நனைந்த சுண்ணாம்பு போன்ற வெள்ளை மா அடைந்திருந்தது. 4 மில்லிமீற்றரில் போட்ட துளைக்குள் என் சின்ன விரலின் நுனி நுழைந்தது. "அண்ணை, பூட்டி ஒரு வருசம்கூட ஆகேல்லை" என்றார் அவர். அந்த வெள்ளை மா வேறொன்றுமில்லை, அரித்துப்போன அலுமினியந்தான்.

எங்கள் கரையோரத்தில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். அவற்றில் வேலைசெய்து பழகிய கை, அலுமினியத்திலும் அதே பழக்கத்தில் போகிறது: தகரத்துக்கு அடிக்கும் திருகாணி, அருகில் கிடந்த பித்தளை வாஷர், கீழே ஒரு பலகைத் துண்டு. கண்ணாடியிழையிலும் இது நல்ல வேலையல்ல என்றாலும், அங்கே ஆணி தளருவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அலுமினியத்திலோ படகின் உடலே கரையத் தொடங்குகிறது.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். தாங்கியில் தடி ஒரு நெம்புகோலாக நிற்கிறது. தூண்டில் நரம்பு அறுவதற்கு 20 கிலோ தேவை என்றும், இழுவை தாங்கியின் அடித்தட்டிலிருந்து 1 மீற்றர் தள்ளி விழுகிறது என்றும், அடித்தட்டின் முன், பின் ஆணிகளுக்கிடையே 8 சென்ரிமீற்றர் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1 மீற்றரை 8 சென்ரிமீற்றரால் வகுத்தால் பன்னிரண்டரை மடங்கு. அதாவது இழுவைக்கு எதிர்ப்பக்கத்து ஆணிகளை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை ஏறத்தாழ 250 கிலோ. தடி வளைவதால் உண்மையில் இது சற்றுக் குறையும். ஆனால் எந்த அளவு மீன் கொத்தும் என்று எண்ணி வேலைசெய்வது தவறு. நரம்பு அறும் அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். ஏனென்றால் படகு ஓடிக்கொண்டிருக்கும்போது தூண்டில் பிறர் போட்ட வலையிலோ கடலடிப் பாரிலோ (பாறையிலோ) கொளுவினால், இழுப்பது மீனல்ல, இயந்திரத்தோடு ஓடும் முழுப் படகின் பாரம். 2 மில்லிமீற்றர்த் தகட்டில் திருகாணியின் ஒன்றிரண்டு புரிகள்தாம் கவ்வியிருக்கும். அவை 250 கிலோவைத் தாங்கா. ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் பொப் ரிவெட்டும் இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது அரிப்பு. ஒன்றையொன்று தொடும் இரண்டு வேறு உலோகங்களுக்கிடையே உப்புநீர் நின்றால் அந்த இடம் ஒரு சிறிய பற்றரியாக மாறிவிடும். அதில் கரைந்து போவது எப்போதும் வீரியம் கூடிய உலோகம். அலுமினியத்தையும் துருப்பிடிக்காத உருக்கையும் சேர்த்தால் கரைவது அலுமினியம். செம்போ பித்தளையோ அலுமினியத்தோடு சேர்ந்தால் அது இன்னும் வேகமாகக் கரையும். ஆணியோ சிறியது, படகோ பெரியது என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தாங்கியின் அடித்தட்டுக்குக் கீழே தேங்கும் நீர் காய்வதில்லை. உப்பு அங்கேயே சேர்ந்து, அரிப்பும் அந்தத் துளையைச் சுற்றியே நடக்கிறது. சுண்டிக்குளம் போன்ற ஆழமற்ற களப்புகளில் கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறுவதால் அங்கே ஓடும் படகுகளுக்கு இது இன்னும் கூடுதலான ஆபத்து. இரணைமடு, வவுனிக்குளம் போன்ற நன்னீர்க் குளங்களில் அரிப்பு மெதுவாகவே நடக்கும். ஆனாலும் அதே படகைப் பிறகு கடலுக்கு இறக்க மாட்டோம் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே துளையை அப்படியே விடாமல் ஆணியையும் தகட்டையும் பிரித்து வைக்க வேண்டும். நான் 6 மில்லிமீற்றர்ப் போல்ட் போடுவதானால் 8 மில்லிமீற்றர்த் துளையிட்டு, அதற்குள் நைலோன் குழாய்த்துண்டை இறக்குவேன்; மேலும் கீழும் நைலோன் வாஷர் வைப்பேன். துளையின் ஓரத்தை அரத்தால் வழித்து, துளையிட்ட தூளை ஒன்றுவிடாமல் துடைக்க வேண்டும். உருக்கு வெட்டும்போது பறக்கும் பொறியும் இரும்புக் கம்பித் தூரிகையும் அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்துவிடும்; அவை படகுக்குப் பக்கத்திலேயே வேண்டாம்.

போல்ட்டை வாங்கும்போது தலையைப் பாருங்கள். ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு, மொலிப்டினம் கலந்தது, கடலுக்கு ஏற்றது. ஏ2 என்றிருந்தால் 304 வகை. குளத்துக்குப் போதும், கடலில் பழுப்பு நிறம் கட்டும். எதுவும் பொறிக்காமல் பளபளப்பாக இருப்பதை ஒரு காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். இறுக ஒட்டினால் அது பெரும்பாலும் பூச்சுப்பூசிய வெறும் உருக்கு.

தாங்கிக்கு நேர் கீழே, தகட்டின் உட்பக்கம், 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும். அது அடித்தட்டைவிட எல்லாப் பக்கமும் அகன்றதாகவும், மூலைகள் உருட்டப்பட்டதாகவும் இருக்கட்டும். கூரான மூலை படகின் தகட்டை வெட்டும். செம்பு சேர்ந்த மருந்தேற்றிய பலகையை அந்த இடத்தில் வைக்கவே கூடாது. விளிம்பு உள்ளே வெறுமையான குழாயாக இருந்தால், போல்ட்டைச் சுற்றி உள்ளே ஓர் அலுமினியக் குழாய்த்துண்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது விளிம்பு சப்பளிந்துவிடும்.

சிலிக்கனைப் பற்றி ஒரு சொல். பிதுக்கும்போது வினாகிரி மணம் வரும் சிலிக்கன் இறுகும் வேளையில் அசற்றிக் அமிலத்தை விடுகிறது. அது அலுமினியத்துக்குக் கெடுதி. பொலியூரிதேன் அடைப்புப்பசையைப் பூசி, நட்டைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருகி, பசை காய்ந்தபின் சாவியால் இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். உள்ளே நைலோன் வளையமுள்ள நட்டைப் போட்டு, போல்ட்டின் இரண்டு புரிகளாவது வெளியே தெரியுமாறு விடுங்கள். உருக்குப் புரிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்காதிருக்கச் சிறிது கிரீஸ் வேண்டும்.

இடத்தைத் தெரிவதில் அவசரப்படாதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒருபோதும் துளையிடக் கூடாது. மிதப்புக்காக அடைத்து மூடிய அறையைத் துளைத்தால், படகு கவிழும் நாளில் உங்களைத் தாங்க வேண்டியதையே ஓட்டையாக்கிவிடுவீர்கள். உட்பக்கத்தில் எரிபொருள் தொட்டியோ வயரோ இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தபின்னரே துளைகருவியை எடுங்கள். இயந்திரத்தைப் பிடித்திருப்பவரின் முழங்கை தடியில் தட்டக் கூடாது. ஆர்கன் வாயுவில் வெல்டிங் செய்து ஒட்டித் தரும்படியும் சிலர் கேட்பார்கள்; மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து, ஒட்டிய இடத்தைச் சுற்றிய பகுதி பலமிழக்கும் என்பதால் நான் பெரும்பாலும் மறுத்துவிடுவேன். துளையிட விருப்பமில்லையென்றால், விளிம்புக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் வகைத் தாங்கியை இடையில் ரப்பர் வைத்துப் பூட்டலாம்.

பூட்டி முடிந்ததும் படகு கரையில் இருக்கும்போதே சோதியுங்கள். தாங்கிக்குள் ஓர் உறுதியான தடியைச் செருகி, 1 மீற்றர் உயரத்தில் வில்தராசைக் கொளுவி, உங்கள் நரம்பின் அளவுவரை மெதுவாக இழுக்க வேண்டும். தகடு உள்வாங்கினால் கீழே இன்னும் அகலமான தகடு தேவை. தடியின் அடியிலிருந்து படகுக்கு ஒரு கயிறு கட்டியிருந்தால், தாங்கி விட்டாலும் எட்டிப் பாய வேண்டிய தேவை வராது. நரம்பு வலையில் கொளுவினால் அறுத்துவிடக் கத்தி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அந்தத் தம்பியின் படகில் அரித்துப்போன துளைகளை அப்படியே விட முடியவில்லை. பழுதான தகட்டை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுத்து, மேலும் கீழும் தகடு வைத்து, ஒரு சாண் தள்ளிப் புதிய இடத்தில் எஞ்சிய தாங்கியைப் பூட்டினோம். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நன்னீரால் கழுவும்படியும், அடித்தட்டைச் சுற்றிப் பூச்சு கொப்பளித்தாலோ வெள்ளை மா தெரிந்தாலோ காத்திராமல் கொண்டுவரும்படியும் சொல்லியிருக்கிறேன். மாரி தொடங்கிப் படகைக் கரையேற்றும்போது நான்கு போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.